கேள்விக்குறி போட்ட இடம்

எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் இரண்டு இட்லியாவது உள்ளே போயாக வேண்டும். போன வருஷம் மழைக்காலம் முழுவதும் நான் தின்றுகொண்டே இருந்தேன். மயிலாப்பூரில் ஒரு மாமி என் படங்களை வாங்கி வைத்துக்கொண்டு, சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்ததுதான் காரணம்.

மாமி ஒரு நாவலாசிரியரின் ஒரே மகள். எழுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த அப்பாவின் வாழ்க்கையைத்தான் நான் ஒரு முழுநீளப் படக்கதையாக வரைந்துகொண்டிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் அவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது மகளைப் பற்றி.

புத்தகம் போடுவதாகச் சொன்ன பதிப்பகம் அடையாறில் ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே எடிட்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, உரிமை அவங்ககிட்டதான் இருக்கு. மாமி கையெழுத்துப் போட்டா ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துடும். போடலன்னா புக்கே இல்ல."

போடாமல் எங்கே போவார், சொந்த அப்பாவைப் பற்றிய புத்தகமாயிற்றே என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில் விளம்பரக் கம்பெனி வேலையை விட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் குடும்பத்தில் எனக்கு மட்டுமே உள்ள திறமை. என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்; அளந்து பார்க்காமல் எதையும் வெட்டமாட்டார். அவர் அவ்வப்போது என் மேஜைப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ரெண்டு வருசமா செத்துப்போன மனுசனுக்கு மூக்கு வரைஞ்சிக்கினு கீற. உசுரோட கீறவன் மூஞ்சியும் ஒரு தபா பாரு."

அந்த மூக்கின்மேல் எனக்கு இருந்த பிரியம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. சைதாப்பேட்டையில் நாங்கள் படித்த தமிழ்ப் பாடத்தில் அவருடைய நாவலிலிருந்து ஒரு பகுதி இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் ஒரு குடைக்காகச் சண்டை போடுவார்கள். குடையை எங்கே தொலைத்தாய் என்று ஆரம்பித்து, அவன் தங்கை கல்யாணத்துக்குள் புகுந்து, அவள் அப்பா கொடுத்த கட்டிலுக்குத் தாவி, கடைசியில் யார் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதே மறந்துபோய் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். டீச்சர் இரண்டு பேரை எழுப்பி நிற்க வைத்துப் படிக்கச் சொல்வார். நான்தான் எப்போதும் மனைவி. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டை அடுத்த தெருவுக்குக் கேட்கும்; ஒருநாளும் சிரிப்பில் முடிந்ததில்லை. இப்படியும் பேசிக்கொள்வார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பிறகு அவர் எழுதியதை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். கணவன் மனைவி பேச்சு என்றால் அவர்தான் என்று விமர்சகர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவரும் முன்னுரைகளில், தன் வீட்டுப் பேச்சைத்தான் எழுதுகிறேன் என்று பல விதமாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த வீட்டில் எப்பேர்ப்பட்ட பேச்சு நடந்திருக்கும்! படக்கதையில் அந்தப் பேச்சைத்தான் முதுகெலும்பாக வைத்துக்கொண்டேன். அவர் ஈசிச்சேரில் சாய்ந்திருப்பார், மனைவி தூணருகே நிற்பார், இரண்டு பேரும் பேசுவார்கள், அந்தப் பேச்சிலிருந்து ஒரு நாவல் முளைக்கும். பக்கத்துக்குப் பக்கம் இப்படி.

உரைநடையில் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மனைவியிடம் கலந்து பேசிய பிறகே எழுதுவார் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். படத்தில் அது நடக்காது. மனைவி என்ன புடவை கட்டியிருந்தார், எங்கே நின்றார், அவர் எந்தப் பக்கம் பார்த்துப் பேசினார், என்ன வார்த்தை சொன்னார், எல்லாம் வேண்டும். பேசுகிற வார்த்தையை ஒரு முட்டை வடிவத்துக்குள் எழுதி, அதற்கு ஒரு வால் வரைந்து, வாலைப் பேசுகிறவர் வாய்ப்பக்கம் திருப்புவோம். பலூன் என்போம். அந்த பலூனுக்குள் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

என் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் வளர்ந்தது 'இன்னா', 'கீது' பேசுகிற வீட்டில். அவர்களுடையது 'ஆத்துல', 'வந்துண்டு' பேசுகிற மயிலாப்பூர் வீடு. சினிமாவில் கேட்ட மயிலாப்பூர்த் தமிழை எழுதினால், நான் அவர்களைக் கிண்டல் செய்கிறேன் என்று மாமி நினைத்துவிடுவாரோ? கல்லூரித் தோழி ஒருத்தி மந்தைவெளிக்காரி. அவளை உட்கார வைத்து ஒவ்வொரு பலூனையும் படிக்கச் சொல்லித் திருத்தினேன். மனைவி கணவனை 'ஏன்னா' என்று கூப்பிடலாமா, அந்தக் காலத்தில் கூப்பிட்டார்களா, முழுவாக்கியம் பேசினார்களா என்று அவள் பிராணனை வாங்கினேன். கடைசியில் அவள், "எங்காத்துல யாரும் இவ்வளவு சுத்தமாப் பேச மாட்டாடி, போறும் விடு" என்று எழுந்து போய்விட்டாள்.

மாமி கம்ப்யூட்டரில் பார்க்கமாட்டார், கண் எரியும். தி. நகரில் ஒரு கடையில் எல்லாப் பக்கங்களையும் கெட்டியான தாளில் பிரிண்ட் எடுத்து, மழையில் நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மாட வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் அவர் ஃபிளாட்டுக்குக் கொண்டு போனேன். மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டதில் ஆட்டோ லஸ் முனையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாமி கதவைத் திறந்தார். ஒல்லியாக, நிமிர்ந்து, வெள்ளைப் பருத்திப் புடவையில் இருந்தார். பையை வாங்கி மேஜையில் வைத்தார்.

"வெச்சுட்டுப் போ. யாராவது எதிர்ல உக்காந்திருந்தா எனக்குப் படிக்க வராது."

அதற்கப்புறம் போன் வரவில்லை. தவறிப்போய் அமுக்கி சைலன்டில் போட்டுவிட்டோமோ என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். நானாகக் கூப்பிட்டால் அவசரப்படுத்துகிறாள் என்று நினைப்பார். கூப்பிடாவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பார். சாயங்காலங்களில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து சுண்டலும் மாங்காயும் தின்றேன். மற்றவர்கள் கடலைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கூப்பிட்டார். "வந்து எடுத்துண்டு போ." அவ்வளவுதான்.

பக்கங்களைத் திருவான்மியூர் பஸ்ஸிலேயே பிரித்தேன். பென்சிலால் கேள்விக்குறிகள் போட்டிருந்தார். வேறு ஒரு எழுத்து இல்லை. குழந்தைப் பருவம், கல்லூரி, பத்திரிகை வேலை, இதிலெல்லாம் ஒன்றும் இல்லை. நாவலாசிரியரும் மனைவியும் பேசுகிற பக்கங்களில் மட்டும், ஒன்றுவிடாமல், ஒரு கேள்விக்குறி. நினைத்தபடியே ஆயிற்று. நம் தமிழ் சரியில்லை. நம் வாயில் அவர்கள் பேச்சு ஒட்டவில்லை.

எல்லா பலூனையும் அழித்து மறுபடி எழுதினேன். 'ஏன்னா'வை எடுத்துவிட்டு 'இங்க பாருங்கோ' போட்டேன். அவர் சொல்வதில் 'அடியே'வை எடுத்தேன். மரியாதை குறைச்சலாகப் பட்டிருக்கலாம். நீளமான பேச்சுகளைச் சுருக்கினேன். மந்தைவெளித் தோழி இந்த முறை போனையே எடுக்கவில்லை. மறுபடி தி. நகர், மறுபடி பிரிண்ட், மறுபடி மாட வீதிச் சந்து, மறுபடி "வெச்சுட்டுப் போ."

இந்த முறை சீக்கிரமே திரும்பி வந்தது. அதே பக்கங்களில், அதே கேள்விக்குறிகள். ஆனால் பென்சிலை அழுத்திப் போட்டிருந்தார். ஒரு பக்கத்தில் தாள் பின்புறம் வரை பள்ளம் விழுந்திருந்தது. கணக்கைத் தப்பாகப் போட்டு, திருத்தச் சொன்னால் மறுபடியும் அதே தப்பைப் போட்டுக்கொண்டு வருகிற பெண்ணுக்கு டீச்சர் போடுகிற குறி அது. பள்ளியில் நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

எடிட்டர் கூப்பிட்டாள். "அக்கா, அச்சகத்துல தேதி கேக்கறாங்க. மாமி மூடு எப்படி இருக்கு?"

"தெரியலையேம்மா. கேள்விக்குறியா போட்டுத் தள்ளறாங்க."

"அப்ப என்ன பண்றது? இந்த ஜனவரி விட்டா அடுத்த வருஷம் இந்த புக்க எங்காளுங்க மறந்துடுவாங்க அக்கா."

அவள் உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பிரிட்ஜில் இருந்த நேற்றைய உப்புமாவைச் சூடுகூடப் பண்ணாமல் சாப்பிட்டேன். பிறகு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர், "சண்ட போடப் போறியா, கால்ல உழப் போறியா?" என்று கேட்டார். எது தேவையோ அது என்று சொன்னேன்.

போன் பண்ணாமல் வந்து நின்ற என்னை மாமி கோபிக்கவில்லை. "சாப்டியா?" என்றார். மாட வீதியிலேயே பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் இல்லை என்றேன். இரண்டு அடை போட்டுக் கொடுத்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"மாமி, நான் வேற மாதிரி பேசற வீட்ல பொறந்தவ. எந்த வார்த்தை தப்புன்னு சொல்லிடுங்க. உங்க காலடியில உக்காந்து மாத்தித் தர்றேன்."

"வார்த்தை ஒண்ணும் தப்பில்லையே. 'ஏன்னா' நன்னாத்தான் இருந்தது. அதை எதுக்கு மாத்தினே?"

"நீங்கதானே கேள்விக்குறி போட்டிருந்தீங்க?"

"போட்டேன். எங்க போட்டிருக்கேன்னு பாத்தியோ?"

பையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஈசிச்சேரில், மனைவி தூணருகே. தலைக்கு மேலே இரண்டு பலூன்கள். கேள்விக்குறி பலூன் பக்கமே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், வெறும் தரையில் இருந்தது. இன்னொரு பக்கத்தை எடுத்தேன். சாப்பாட்டு இலைக்கு முன்னால் அவர், பரிமாறுகிற மனைவி. இருவருக்கும் நடுவில் கேள்விக்குறி. வாசலில் செருப்பு மாட்டுகிறார், மனைவி உள்ளே நிற்கிறார், நடுவில் கேள்விக்குறி. எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். கண் அவர்கள் முகத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக நான் காலியாக விட்டிருந்த இடம் அது.

"இங்க யாரும் இல்லையே மாமி."

"அதான் கேட்டிருக்கேன்."

என்னைப் பார்த்தார். டீச்சர் பார்வைதான். பிறகு அவரே சொன்னார்.

"அவா ரெண்டு பேரும் பேசிக்க மாட்டா."

"சண்டையா மாமி?"

"சண்டை போட்டாத்தான் பேசியாகணுமே. அதெல்லாம் இல்லை. ஒண்ணாத்தான் இருந்தா. கச்சேரிக்குப் போவா, கோவிலுக்குப் போவா, அவருக்கு ஜுரம்னா அம்மா ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருப்பா. பேச மட்டும் மாட்டா. அப்பா கூடத்துல நின்னுண்டு, 'உங்கம்மாட்ட சொல்லு, நாளைக்கு ரெண்டு பேர் சாப்பிட வரா'ம்பார். அம்மா அடுக்களை வாசப்படியிலதான் நின்னுண்டிருப்பா. காதுல விழாமலா இருக்கும்? இருந்தாலும் நான் போய்ச் சொல்லணும். நான் சொன்னாத்தான் அவளுக்குக் கேட்ட மாதிரி. உடனே, 'உங்கப்பாட்ட சொல்லு, பால் போறாது'ம்பா. நான் திரும்பி நடக்கணும்."

"எதனால அப்படி?"

"யாரைக் கேக்கறது? அப்பாவைக் கேட்டா உங்கம்மாட்ட கேளுன்னுவார்." மாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னமோ, நான் பொறக்கறத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுத்து. எனக்குப் பேச்சு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் என்னதான் பண்ணினாளோ."

நான் அந்தக் குடையைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று எத்தனை முறை அந்த மனைவியாகப் பேசியிருப்பேன்.

"குடையா? அதுல பாதி அம்மாவோடது. அவர் எழுதின தாளை மேஜையில வெச்சுட்டுப் போவார். அம்மா படிப்பா. 'உங்கப்பாட்ட சொல்லு, எந்தப் பொம்மனாட்டியும் இதுக்கு அழமாட்டா, கட்டிலைப் பத்திக் கேப்பா'ம்பா. நான் போய்ச் சொல்லுவேன். அவர் ஒண்ணும் பேசாம அடிச்சுட்டு வேற எழுதுவார். மறுபடி மேஜையில வெப்பார். அந்த ஒரு அத்தியாயத்துக்கு நான் நடந்த நடை இருக்கே!" மேஜைமேல் இருந்த பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சில சமயம் மாத்தியும் சொல்லியிருக்கேன். அம்மா 'கண்றாவி'ம்பா. அப்பாட்ட வந்து, 'சுமாரா இருக்காம்'னு சொல்லுவேன். அவர் மூஞ்சி விழறதை யார் பாத்துண்டு நிக்கறது? அவர் என்னமோ சொல்லுவார், அதை அப்படியே அம்மாட்ட போய்ச் சொன்னா அவ சாப்பிட மாட்டா. அதனால அங்கயும் மாத்தணும்."

பெரியவளான பிறகும் அது நிற்கவில்லையாம். டீச்சர் வேலை கிடைத்த புதிதில் மாணவிகளோடு கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் போனாராம். திரும்பி வந்து பெட்டியோடு வாசலில் நின்றதும், அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் பேச ஆரம்பித்தார்களாம். நாலைந்து நாள் பேச்சு அப்படியே தேங்கி நின்றிருந்தது. அதற்கப்புறம் மாமி எந்தச் சுற்றுலாவுக்கும் போகவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

எனக்கு நாவலாசிரியர்மேல் ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷமாக ஆசை ஆசையாக மூக்கு வரைந்த மனுஷர்மேல். உலகத்துக்கே புருஷன் பெண்டாட்டி பேச்சைச் சொல்லிக் கொடுத்தவர், சொந்தப் பெண்டாட்டியை 'உங்கம்மா' என்றே சொல்லிச் செத்திருக்கிறார். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் பழைய பயம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு என் புத்தகத்துக்கு என்ன கதி?

மாமி என் முகத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. ஒருவர் சொல்லை இன்னொருவரிடம் கொண்டுபோயே வளர்ந்தவர் அல்லவா.

"இதை வரையணும்னு நான் சொல்லலை. ஊருக்கெல்லாம் சொல்லிண்டு திரியற விஷயமா இது? ஆனா நீ வரைஞ்சிருக்கியே, நேருக்கு நேர் பாத்துண்டு, சிரிச்சுண்டு, அதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது நடக்கலை."

"நடுவுல உங்கள வரையலாமா மாமி?"

மாமி பக்கங்களைச் சேர்த்து, விளிம்பைத் தட்டி ஒழுங்குபடுத்தி, என் பையில் போட்டார்.

"வரைஞ்சுண்டு வா. பாக்கறேன்."

இது 'சரி'யா, 'இல்லை'யா? கணக்கு டீச்சர்கள் பாக்கறேன் என்றால் அதற்கு எந்த அர்த்தமும் இருக்கலாம். எடிட்டரிடம் சொன்னதும் அவள் பாடு என் பாட்டைவிட மோசமாகப் போயிற்று. "அக்கா, அவர் டயலாக்க கல்யாணப் பத்திரிகையில போடறாங்க அக்கா. நாம இப்படிப் போட்டா நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஆனா மாமி வேற எதுக்கும் சம்மதிக்க மாட்டாங்கல்ல?" என்றாள். மாட்டார் என்றேன். "அப்ப வரைங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண்ணிடம், "உங்கம்மாவ டீ போட சொல்லு" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"நான் இங்கதான நிக்கறேன்? என்கிட்ட கேளு! அவள எதுக்கு நடுவுல இழுக்கற?"

இருவரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். "இன்னா ஆச்சு இப்போ? டீ தானே கேட்டேன்?" என்றார் அவர் பரிதாபமாக. பிறகு என்னிடமே திரும்பி, ரொம்ப மரியாதையாக, "மேடம், ஒரு டீ" என்றார். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் டீ போட்டேன்.

பழைய பக்கங்களை வைத்துக்கொண்டே புதிதாக வரைந்தேன். பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. அதனால் முகங்களை எல்லாம் திருப்ப வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெண். பலூனின் வால் அப்பா வாயிலிருந்து வரும், அவர் முகம் பெண்ணின் பக்கம் இருக்கும். அடுத்த படக்கட்டத்தில் அதே வார்த்தை, பெண்ணின் வாயிலிருந்து அம்மாவுக்கு. வார்த்தை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டாவது நாளே எனக்கு ஒரு தொழில் சிக்கல் வந்தது. சின்னப் பெண்ணாக வரைந்தால் அவள் தலை பெரியவர்கள் இடுப்புக்குக்கூட வரவில்லை. கட்டத்தின் மேல்பாதியில் இரண்டு முகங்கள், அடியில் எங்கேயோ ஒரு தலை, நடுவில் பலூன் வால்கள் கொடிபோல நீண்டு தொங்கின. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அவளை வளர்த்துவிட்டேன். பாவாடை தாவணிக்கு முந்தின வயது, இரட்டைப் பின்னல், தோளுக்குக் கிட்ட உயரம். மூன்று தலைகளும் அழகாக ஒரு வளைவில் வந்தன.

மறுபடி பிரிண்ட். புயல் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நாள் அது. மயிலாப்பூர்க் கடைகளில் பாதி மூடியிருந்தன. இந்த முறை மாமி வெச்சுட்டுப் போ என்று சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கையில் பென்சில் இருந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் தாளைத் தொடவில்லை. இலைப் பக்கம் போயிற்று. செருப்புப் பக்கம் போயிற்று. அவர் குடைச் சண்டையை எழுதுகிற பக்கத்துக்கு வந்ததும் மாமி நின்றுவிட்டார்.

அந்தப் பெண்ணின் தலைமேல் விரலை வைத்தார்.

"இது நானா?"

"ஆமாம் மாமி. வேணாம்னா எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போடறேன். ஆனா இவ்வளவு பெரியவளா இருக்கேனே? அந்தக் குடைக் கதை எழுதறச்சே நான் பள்ளிக்கூடமே சேரலை. சின்னவளாப் போடு."

கையெழுத்து என்ற வார்த்தை காதில் விழுந்தும் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எல்லாப் பக்கமும் மறுபடியும் மாறுமே என்ற கவலைதான் முதலில் வந்தது. தொழில் சிக்கலை விளக்கினேன்.

"அவ்வளவு சின்னப் பொண்ணா போட்டா அப்பாவும் அம்மாவும் குனிஞ்சு பேசற மாதிரி வரையணும் மாமி. இல்லன்னா உங்ககிட்டதான் பேசறாங்கன்னே தெரியாது."

மாமி பென்சிலைக் கீழே வைத்தார். மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையைப் பிடித்து, ஒரு உயரத்தைக் காட்டினார்.

"நான் இவ்வளவுதான் இருந்தேன். அவா ரெண்டு பேரும் ஒரு நாளும் குனிஞ்சதில்லை," என்றார். "நேரா நின்னுண்டு என் தலைக்கு மேலதான் பேசுவா. நான்தான் அண்ணாந்து பாத்துண்டு நிப்பேன். அப்படியே வரை."